குழாய்ப் பச்சை

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு மீன் இருக்கிறது. பாடம் செய்து, பலகையில் பதித்து மாட்டியது. அப்பா தூண்டிலில் பிடித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். 'இதுதானா அந்த மீன்?' என்று அந்தப் பார்வைக்குப் பொருள். 'இதுதான், அதற்கென்ன இப்போது?' என்று நானும் ஒரு பார்வை பார்ப்பேன். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

நான் ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு முறை கொடி காட்டிவிட்டால் அதை மாற்றிக் காட்டும் பழக்கம் எனக்கில்லை. அந்த மீன் விஷயத்தில் நான் காட்டிய கொடி, எங்கள் அப்பா பொய் சொல்லாதவர் என்பது. அதை இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கை வலித்ததுண்டு. இறக்கியதில்லை.

அப்பா ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான். எங்கள் குடியிருப்பு பம்ப் அறைக்குப் பக்கத்திலேயே. இரவும் பகலும் மோட்டார் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும். பம்ப் அறைக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை அடித்திருப்பார்கள். மிச்சமான பெயிண்டை அப்பா வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்தார், அம்மாவின் தையல் மெஷின் மேஜைக்கு அடித்தார், ஒரு தடவை என் சைக்கிளுக்கும் அடித்துவிட்டார். தெருவில் போனால், 'பைப் வருது, வழி விடு' என்பார்கள்.

அந்தப் பக்கத்துக் கரையை முள்கம்பி வேலி போட்டு அடைத்திருந்தார்கள். பொதுமக்கள் வரக் கூடாது. அப்பா மட்டும் ஓய்வு நாளில் அங்கே தூண்டில் போடுவார். ஊரில் ஒரு தூண்டில் சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் மீன்களை எடை போட்டுப் பதிவு செய்வார்கள். அப்படி ஒரு நாளில்தான் அப்பாவின் தூண்டிலில் யாரும் பார்த்திராத ஒரு மீன் விழுந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த காவலாளி அதைப் பார்த்ததும், அப்பா வேண்டாம் என்று சொல்வதற்குள், வாளியோடு சங்கத்துக்கு ஓடிவிட்டானாம். அப்பா அவன் பின்னாலேயே போயிருக்கிறார்.

அப்போது சங்கச் செயலாளராக இருந்தவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டார்:

"இது நம்ம ஏரி மீனே இல்லையே சார். எங்க வாங்கினீங்க?"

சங்கமே சிரித்தது. அப்பா, "ஏரியிலதான் எடுத்தேன்" என்றார். எந்த இடத்தில், என்ன இரை என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. மீனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தூண்டிலைத் தொடவே இல்லை.

நான் அப்போது தொலைவில் ஒரு சிறிய ஸ்டேஷனில் முதல் வேலையில் இருந்தேன். அம்மா அதற்கு முந்திய வருஷம்தான் தவறியிருந்தாள். தங்கை சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் விடுமுறைக்கு வந்தபோது, பச்சையாக, வழவழவென்று, மீன் சுவரில் ஏறியிருந்தது. ஊரில் எங்கள் குடும்பத்துக்குச் 'சந்தை மீன்' என்று பெயரும் ஏறியிருந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களில் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்த வீடா?" என்றார். நான் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தேன். அவர்களும் புரிந்துகொண்டு கிளம்பினார்கள்.

அப்பாமேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. 'நான் வாங்கவில்லை' என்று அவர் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். கடைசிவரை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. யார் கேட்டாலும், "ஏரியிலதான் எடுத்தேன்." அவ்வளவுதான்.

போன வருஷம் நீரேற்று நிலையத்தை மறுகரைக்கு மாற்றிவிட்டுப் பழைய கரையின் வேலியை எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் தூண்டிலோடு போய் உட்கார ஆரம்பித்தார்கள். சில வாரங்களுக்கு முன் டவுன் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவருக்கு அங்கே ஒரு மீன் கிடைத்தது. கறுப்பு உடம்பு, அதில் தணல் போலத் திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறம், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கண் போன்ற புள்ளி. யாருக்கும் இனம் தெரியவில்லை. இனம் தெரியாத மீனைப் பதிவு செய்வதில்லை என்பது சங்கத்தின் விதி. மீன்வளக் கல்லூரியிலிருந்து ஒரு இளம் பேராசிரியையை வரவழைத்தார்கள். சங்கத்தில் அவருக்கு அன்றே 'மீன் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போதைய செயலாளர், பழைய மருந்துக்கடைக்காரரின் மகன். கடையும் அவருக்கே வந்தது, நாற்காலியும் அவருக்கே வந்தது. எனக்குப் போன் செய்தார். சங்கத்துப் புதுக் கட்டடத்தில் இதுவரை பிடிபட்ட அபூர்வ மீன்களின் பலகை ஒன்று வைக்கப் போகிறார்களாம். அப்பாவின் மீன் அதில் வருமா வராதா என்று இப்போதே தீர்த்துவிடலாமாம். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் மீனைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

எங்கள் அப்பாவின் மீன் வீடு வீடாகப் போகாது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும் என்றேன். தங்கை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான் வாய் திறந்தால் அவள் காது திறந்துவிடும்.

"அண்ணா, அது மீனா கவர்னரா? எடுத்துட்டுப் போயேன். அப்பா பேரு பலகையில வரணும்னு தவம் கிடந்தது நீதானே?"

படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன்.

சங்கத்தின் பழைய அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. நீளமான மேஜை, அதன் கோடியில் துருப்பிடித்த தராசு, சுவரெல்லாம் மீனோடு நிற்கும் ஆண்களின் படங்கள். மீன் டாக்டர் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து டிரைவரின் மீனை எடுத்து வெள்ளைத் தட்டில் கிடத்தினார். முதலில் மூக்கைப் பார்த்தார். பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூக்குத் துளை இருக்குமாம், இதற்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். பிறகு விலாவைக் காட்டினார். மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை புள்ளி வைத்தது போல ஒரு கோடு ஓடும். அதைக்கொண்டுதான் தண்ணீரின் அசைவை அது உணர்கிறது என்றார். இந்த மீனில் அந்தக் கோடு மேல் பக்கமாக ஓடிவந்து பாதியில் நின்றுவிட்டது. கொஞ்சம் கீழே தள்ளி மறுபடி தொடங்கி வாலுக்குப் போனது. வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுவது போல. எனக்கு உடனே புரிந்தது.

இது நம் பக்கத்து மீனே அல்ல என்றார் அவர். வேறு கண்டத்து ஆறுகளில் இருப்பது. கடைகளில் ஆஸ்கார் என்று சொல்லிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விற்பார்கள். விரல் நீளத்தில் வாங்குவார்கள். அது தட்டு அளவுக்கு வளர்ந்ததும் எங்கேயாவது தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

செயலாளர் டிரைவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் அப்பாவும் உயர்த்த மாட்டார்.

"உங்க வீட்டுல மீன் தொட்டி இருக்குல்ல?"

பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள், எல்லாம் சின்ன மீன்கள் என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை என்றாலும் அறைக்குள் ஒரு சிரிப்பு உட்கார்ந்திருந்தது. அந்த மனிதரின் காது சிவந்தது. இதே மேஜைக்கு முன்னால் இன்னொருவர் நின்றதை நான் நேரில் பார்க்கவில்லை. இப்போது பார்ப்பது போல இருந்தது.

அடுத்து எங்கள் மீன். பச்சை நிற உடம்பு. விலாவின் கோடு செவுளிலிருந்து வால்வரை ஒரே நேராக, எங்கும் நிற்காமல் ஓடியது. வாலில் கண் கிடையாது. "அப்ப இது வேற, அது வேற" என்றார் செயலாளர். அப்பாவின் மீன் பிடிபட்ட அன்று அதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. மீன் டாக்டர் பூதக்கண்ணாடியால் மூக்கைப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரு துளைதான்.

"இந்தக் கோட்டை யாரோ பிரஷ்ஷால வரைஞ்சிருக்காங்க. உள்ள செதில்ல என்ன இருக்குன்னு தெரியணும். ஒரு ஓரத்துல பெயிண்டைச் சுரண்டிப் பாக்கட்டுமா சார்?"

முடியாது என்றேன். எங்கள் அப்பா விட்டுப்போனதில் யாரும் கத்தி வைக்க முடியாது. விரிப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். சுரண்டிப் பார்த்து இரண்டும் ஒன்று என்று தெரிந்தால் மட்டும் என்ன ஆகும்? தொட்டி மீன், அப்படியென்றால் மேற்பார்வையாளர் கடையில் வாங்கியதுதான் என்பார்கள். வேறு என்று முடிவானால் அப்பாவுக்குப் பலகையில் இடமில்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து, சீருடையிலேயே டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பஸ்ஸுல ஏறுறவங்கல்லாம் 'என்ன டிரைவரே, எந்தக் கடை மீன்?'னு கேக்கறாங்க ஐயா. கண்டக்டர் என்னடான்னா, மீன்காரர் ஓட்டுற வண்டி, நாத்தம் அடிக்கும், மூக்கைப் பொத்திக்குங்கன்னு சொல்லி டிக்கெட் கிழிக்கிறான். நான் அதைச் சிரிச்சுட்டு விட்டுடுவேன். எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. உங்க மீன் அதே ஜாதின்னா, ஏரியில அது அப்பவே இருந்ததுன்னு ஆகும் இல்லையா? சுரண்ட விடுங்க ஐயா."

தங்கை அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அது எப்படிப்பட்ட மீன் என்று கேட்டாள். அவர் தன் போனில் படத்தைக் காட்டினார். தங்கை போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, தேநீரைக் குடித்து முடித்து, பிறகு மெதுவாகக் கையை நீட்டித்தான் வாங்கவேண்டியிருந்தது.

அவர் போனதும் தங்கை சொன்னாள்: "அந்த டாக்டரை வரச் சொல்லு அண்ணா. சுரண்டட்டும்."

ஏன் என்று கேட்டேன். வரச் சொல் என்றாள். அவள் அந்தக் குரலில் பேசினால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அது அம்மாவின் குரல்.

மீன் டாக்டர் காலையில் வந்தார். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து மீனைக் கிடத்தினோம். பஞ்சில் தின்னரை நனைத்து வால் பக்கம் துடைத்தார். பச்சை கரைந்து பஞ்சில் ஏறியது. அடியில் இன்னொரு வேலை தெரிந்தது. நுட்பமான வேலை. கறுப்பு, அதன்மேல் மங்கிய ஆரஞ்சு, மேலே மெல்லிய வார்னிஷ். பிறகு வாலின் அடியில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம். விலாவில் வரைந்த கோடு அழிந்ததும் செதில்களில் உண்மையான கோடு தெரிந்தது. பாதியில் நின்று, கீழே இறங்கி, மறுபடி தொடங்கியது.

"பாடம் பண்ணினவர் சரியாத்தான் பண்ணியிருக்கார்" என்றார் மீன் டாக்டர். "மேல இருக்கிற பச்சை அவர் அடிச்சது இல்ல. இது இரும்புக்கு அடிக்கிற பெயிண்ட்."

எனக்குத் தெரியும். அந்தப் பச்சையில்தான் என் சைக்கிள் இருந்தது. அந்த விடுமுறைக்கு நான் வந்தபோது அப்பாவின் கட்டைவிரல் நகத்தோரம் பச்சையாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. பம்ப் அறை வேலை என்று நினைத்திருந்தேன்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செவுள் மூடியின் ஓரத்தை விரலால் தடவினாள். அங்கே ஒரு சின்ன வெட்டு இருந்தது. அதில் பச்சை பெயிண்ட் அடைந்திருந்தது.

"பெரிய மோதிரம்" என்றாள்.

அம்மாவிடம் இரண்டு மீன்கள் இருந்தன. அது எனக்கும் ஓரளவு தெரியும். நான் வேலைக்குப் போனபின் வீட்டுக்கு வந்தவை. விடுமுறைக்கு வரும்போது முன்னறைத் தொட்டியில் கறுப்பாக ஏதோ இரண்டு நீந்திக்கொண்டிருக்கும். அம்மா அவற்றோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். நான் பார்த்த அளவு அவ்வளவுதான். வாலில் மோதிரம் போட்டது போல இருந்ததால் பெரிய மோதிரம், சின்ன மோதிரம் என்று அம்மா பெயர் வைத்திருந்தாளாம். அதுகூட எனக்குத் தெரியாது.

தங்கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அலுவலக வேலையாகப் பெரிய நகரம் போன அப்பாதான் அந்த இரண்டையும் தண்ணீர்ப் பையில் வாங்கி வந்தார். இரும்புச் சட்டம் வைத்துத் தொட்டியையும் அவரே செய்தார். சட்டத்துக்கு என்ன நிறம் என்று சொல்லத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் செத்துவிடும் என்று அம்மா டிரம்மில் ஒரு நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். "ஊருக்கெல்லாம் நான் குளோரின் போடறேன், வீட்டுல இவ அதை எடுக்கிறா" என்று அப்பா கேலி செய்வாராம். அம்மா கரண்டியால் கண்ணாடியில் தட்டினால் இரண்டும் ஓடி வரும். மண்புழுவை அவள் விரலிலிருந்தே வாங்கித் தின்னும். மீட்டர் ரீடர் வந்தால் மட்டும் ஏனோ அவர்மேல் தண்ணீரை அடிக்கும். அவர் ஜன்னல் வழியாகவே கணக்கைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாராம். ஒரு நாள் பெரிய மோதிரம் துள்ளிச் சட்டத்தின் விளிம்பில் செவுளைக் கிழித்துக்கொண்டது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டா அண்ணா. நான் திரும்பி வரலைன்னா இதுங்களுக்கு யாரு புழு தருவா, உங்க அப்பாவுக்கு பம்ப்பைத் தவிர வேற எது ஞாபகம் இருக்கும்னு கேட்டா. ரெண்டு பேரும் வாளியைத் தூக்கிட்டுப் போய், பம்ப் ஹவுஸ் படிக்கட்டுல இறங்கி விட்டோம். டீச்சர் வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதன்னு சொன்னா. ஊர் குடிக்கிற தண்ணி, அப்பா உத்தியோகம். நான் திறக்கலை."

"சுவத்துல இத்தனை வருஷம் தொங்கிச்சே, உனக்குத் தெரியலையா?"

"பச்சையா இல்ல தொங்கிச்சு? மோதிரமே இல்லையே. இதை எப்படி நான் அதுன்னு நினைப்பேன்? ரெண்டும் ஏரியில சுகமா இருக்குன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். தூங்கறதுக்கு முன்னாடி நினைச்சுப்பேன் அண்ணா, இன்னிக்கி வரைக்கும்."

மீன் டாக்டர் பஞ்சுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல பிள்ளை.

நான் மீனின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். அம்மா போனபின் அப்பா தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து மண்புழு கோத்துத் தூண்டில் போட்டிருக்கிறார். விரலில் புழு தின்று பழகிய மீன் வந்து வாங்கியிருக்கிறது. தூக்கிப் பார்த்தபோது வாலில் மோதிரம், செவுளில் வெட்டு. யார் மீன், எப்படி அங்கே வந்தது என்று அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். வேண்டாம் என்பதற்குள் காவலாளி ஓடிவிட்டான். "எங்க வாங்கினீங்க?" என்று அங்கே கேட்டார்கள். அவர் வாங்கியதுதான். தன் கையால் வாங்கி வந்ததுதான். பொய் சொல்லாத மனிதர், 'வாங்கவில்லை' என்று எப்படிச் சொல்வார்? உண்மையைச் சொல்வதென்றால், செத்துப்போன மனைவியின் பெயரை அந்த மேஜைமேல் எடுத்துப் போட வேண்டும். ஊர்த் தண்ணீரில் மீனை விட்டவள் என்று மருந்துக்கடையில் நின்றுகொண்டு பேசுவார்கள். ஆகவே, சந்தை மீன் என்ற பெயரைத் தானே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் கண்ணில் மோதிரம் பட்டுவிடக் கூடாது என்று பம்ப் அறைப் பெயிண்டை எடுத்துத் தானே பூசினார். எல்லா மீனுக்கும் கோடு நேராகத்தானே இருக்கும் என்று நேராகவே ஒரு கோடு போட்டார். தூக்கி எறிந்திருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

டாக்டர் போனதும், இது இந்த வீட்டோடு இருக்கட்டும் என்றேன். அப்பா மூடியதை நான் திறக்க மாட்டேன். அம்மாவின் பெயர் அந்தச் சங்கத்தில் அடிபடக் கூடாது.

தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அம்மாவுக்கு என்ன அண்ணா அவமானம்? ரெண்டு உயிரைச் சாகடிக்க மனசு வராம விட்டா. தப்புதான். சொன்னா ஊர் ரெண்டு நாள் பேசும், அம்மா காதுல விழப் போறதில்ல. அந்த டிரைவர் பொண்ணு காதுல தினம் விழுது. நீ அன்னிக்கு வாசக் கதவைத் திறந்து விட்டியே, அந்த வீட்டுக் கதவை யாரு திறப்பா?"

சாயங்காலம் சலவைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னேன். அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

சங்கக் கூட்டத்துக்கு மீனையும் எடுத்துக்கொண்டு போனேன், பாதி பச்சை, பாதி கறுப்பாக. தங்கையும் வந்தாள். ஆண்கள் அவளுக்கு நாற்காலி தேடினார்கள். மீன் டாக்டர் இரண்டு மீனும் ஒரே இனம் என்று அறிவித்தார். நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்படியானால் அன்றைக்கும் கடை மீன், இன்றைக்கும் கடை மீன், இரண்டையும் பலகையில் போட வழியில்லை என்றார். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். பேசுவதற்கு முன் சட்டையின் மேல் பொத்தானைச் சரி பார்த்தேன். அது பழக்கம்.

"இது எங்க வீட்டு மீன். எங்க அப்பா வாங்கிட்டு வந்து எங்க அம்மா வளர்த்தது. அம்மா உடம்பு முடியாமப் போனப்ப ரெண்டையும் ஏரியில விட்டாங்க. அதுல ஒண்ணைத்தான் அப்பா பிடிச்சார். அதுக்கு முன்னாடியே ரெண்டும் முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சு, வேலிக்குள்ளயே பெருகியிருக்கு. அதுல ஒண்ணுதான் டிரைவருக்குக் கிடைச்சது. அவர் எங்கயும் வாங்கலை. எங்க அப்பாவும் பொய் சொல்லலை."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அதை மேற்பார்வையாளர் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார். முதல் தடவையாக அண்ணே என்றார்.

"உங்க அப்பா முன்னாடி எங்க அம்மா பேரை எடுக்க அவருக்கு இஷ்டமில்ல தம்பி. எனக்கும் இஷ்டமில்ல. ஆனா இந்த டிரைவர் பேரைக் கெடுத்து அதை மறைக்கிறது எங்க வீட்டு வழக்கம் இல்ல."

தொட்டி மீனை ஏரியில் விடுவது எவ்வளவு கெடுதல் என்று மீன் டாக்டர் சங்கத்துக்கு விளக்கினார். இந்த ஏரியின் சிறு மீன்களை இவை தின்றுவிடுகின்றன, அதனால் பழைய கரையில் வலை போட்டு இவற்றை எடுக்கும்படி எழுதப்போகிறேன் என்றார். சொல்லும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அதற்கும் நாங்கள்தான் பொறுப்பு.

பலகையில் அப்பாவின் பெயரும் டிரைவரின் பெயரும் வருவதாக முடிவானது. மீனின் பெயர் என்ற இடத்தில் ஆஸ்கார் என்று எழுதலாமா என்று செயலாளர் கேட்டார். டிரைவர் எழுந்து, "மோதிரம்னு போடுங்க சார், எங்க பொண்ணுக்குப் பிடிக்கும்" என்றார். இந்தத் தடவை சங்கம் சிரித்தது வேறு மாதிரி இருந்தது.

வலை போடுவதற்கு முன், ஒரு மாலை நானும் தங்கையும் பழைய கரைக்குப் போனோம். குடியிருப்பை இடித்துவிட்டார்கள். பம்ப் அறை மட்டும் கதவில்லாமல் நின்றது. உள்ளே மோட்டார் இல்லை. வெட்டி எடுத்த குழாய்களின் அடிக்கட்டைகள் தரையில் இருந்தன, அதே பச்சையில். அம்மா துணி உலர்த்திய இடம், என் சைக்கிள் சாய்ந்திருந்த பம்ப் அறைச் சுவர் எல்லாம் இருந்தன. மோட்டார் சத்தம் மட்டும் இல்லாததால் எதுவோ விழித்துக்கொண்டது போல இருந்தது.

தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். வழுக்கும், பார்த்து என்றேன். கைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். தண்ணீரை ஒட்டிய கல்லில் அதைத் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

அதுகளுக்குப் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைகளாக இருக்கும், கரண்டிச் சத்தமெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். படியோரத்தில் தண்ணீர் சுழித்தது. கறுப்பாக ஏதோ ஒன்று மேலே வந்து, புரண்டு, உள்ளே போனது.

"பாத்தியா அண்ணா?"

"ஏதோ மீன்" என்றேன்.

"ஏதோ மீனா?"

என் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டால் அடுத்த தடவை வாலைப் பார்த்துவிடலாம். நான் எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி மேல்படியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தேன்.

"கரண்டியைக் கொடு. நான் தட்டறேன்."